வீட்டுப் பேட்டரி

மகன் சாவியைத் திருகினான். வண்டி 'டிக்' என்றது. அவ்வளவுதான்.

மறுபடி திருகினான். இந்தத் தடவை அந்த 'டிக்'கூட வரவில்லை.

நான் கண்ணாடியைத் துடைப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

வண்டியை வாங்க வந்த தொப்பிக்காரர் டயரை ஓர் உதை உதைத்தார். "ஓடாத வண்டிய வாங்கி நான் என்ன தலையிலயா தூக்கிட்டுப் போறது?"

நன்றாகக் கேளும் ஐயா என்று மனசுக்குள் கை தட்டினேன்.

படுக்கை, அடுப்பு, விசிறி எல்லாம் உள்ளேயே இருக்கிற வண்டி இது. மனைவி போனபிறகு இதுதான் என் வீடு. மகன் வீட்டுப் பின்பக்கம் நிற்கிறது. வண்டி அவன் பெயரில். நான்தான் மாற்றி எழுதிக்கொடுத்தேன், எல்லாம் என் புத்தி.

இன்று இது விலைபோனால், சாயங்காலம் என்னை முதியோர் இல்லத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பதாக ஏற்பாடு. போய்ப் பார்த்தேன். வரிசையாகக் கட்டில். ஆஸ்பத்திரியிலாவது குணமானால் வெளியே விடுவார்கள்.

காலையில் வரும்போதே மகன் கையில் ஒரு பெரிய துணிப்பை. ரொட்டியோ பழமோ, கடைசி நாள் மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த வண்டிக்குப் பேட்டரி இரண்டு. ஓட்டுகிறவர் இருக்கைக்கு அடியில் இருப்பது என்ஜினைக் கிளப்ப. அதை ஒட்டிய பெஞ்சுக்கு அடியில் இருப்பது வீட்டுக்கு, அதாவது என் விளக்குக்கும் விசிறிக்கும்.

நேற்றுப் பகல் முழுக்க முன்விளக்கை எரியவிட்டேன். வெயிலில் எவன் கண்ணுக்குத் தெரியப்போகிறது? இருட்டுவதற்குள் என்ஜின் பேட்டரி செத்துப்போனது.

இரண்டையுமே சாகடித்திருக்கலாம். கை வரவில்லை.

வீட்டுப் பேட்டரியைப் பாதிக்குக் கீழே நான் இறங்கவிட்டதே கிடையாது. குழாய்த் தண்ணீர் ஒரு சொட்டு அதில் பட்டதில்லை, பேட்டரித் தண்ணீர்தான். முனையில் வெள்ளை பூத்தால் வெந்நீர் விட்டுக் கழுவி, துடைத்து, கிரீஸ் தடவுவேன். கூரைமேல் இருக்கும் சோலார் பலகையை இந்த வயதிலும் ஏணி போட்டு ஏறித் துடைக்கிறேன். பெற்ற பிள்ளையைவிட அது சொன்னபடி கேட்கும்.

"என்னப்பா, பேட்டரி போயிடுச்சா?"

"என்னை மாதிரிதான். வயசாயிடுச்சுல்ல, ஒதுக்கித் தள்ளு."

கத்துவான் என்று பார்த்தேன். கத்தவில்லை. பைக்குள் கைவிட்டு ஒரு பொட்டலத்தை எடுத்தான். பிளாஸ்டிக் உறையைப் பல்லால் கிழித்தான். சிவப்பு ஒன்று, கருப்பு ஒன்று, தடித்த வயர்கள். முனையில் கிளிப். ஒரு பேட்டரியிலிருந்து இன்னொன்றுக்குக் கரண்ட் கொடுக்கிற வயர்.

பெஞ்சைத் தூக்கினான். தொப்பிக்காரர் குனிந்து பார்த்தார்.

"அடேயப்பா! பெரியவரே, நேத்துதான் கடையிலருந்து வந்த மாதிரி வெச்சிருக்கீங்களே!"

எழவு, எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

செத்த பேட்டரியில் இரண்டு வயரின் ஒரு முனையையும் மாட்டிவிட்டு, சிவப்பின் மறுமுனைக் கிளிப்பை என் பேட்டரியின் மைனஸுக்குக் கொண்டுபோனான். மாட்டினால் பொறி பறக்கும். பேட்டரி வெந்துபோகும். வண்டி இங்கேயே கிடக்கும், நானும் கிடப்பேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

"டேய் மடையா, அது மைனஸ்டா! இந்தப் பக்கம்!"

என் வாய்தான்.

மாற்றி மாட்டினான். ஒரே திருகு. வண்டி கிளம்பிவிட்டது.

தொப்பிக்காரர் உள்ளே ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் தடவிப் பார்த்தார். மகன் வயர்களைச் சுருட்டி அவர் பக்கத்தில் வைத்தான். பிறகு பையை உதறி என்னிடம் நீட்டினான்.

"நேத்துப் பகல்ல லைட்டு எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு, பார்த்தேன்ப்பா. இந்தாங்க, உங்க துணிமணிய இதுல எடுத்து வெச்சுக்குங்க."

நல்ல பெரிய பைதான். எல்லாத் துணியையும் வைத்தபிறகும் இடம் மிச்சமிருந்தது.