கழுத்து முதல் கால் வரை

திரையை ஒட்டிய வாசலின் கறுப்புப் படுதாவை விரலளவு விலக்கி, அவள் கூட்டத்தைப் பார்த்தாள்.

முதல் நாள், முதல் காட்சி. ஒரு நாற்காலிகூடக் காலி இல்லை.



முன்வரிசைகள் முழுக்க இயக்குநரின் பக்தர்கள். அவருடைய பேய்ப் படம் ஒவ்வொன்றையும் பத்துத் தடவை பார்க்கிற கூட்டம். முகத்தில் வெள்ளைச் சாயத்தை அப்பிக்கொண்டு வந்திருந்தார்கள். நீச்சலுடைக் காலண்டர் அழகியான அவள் இந்தப் படத்தில் பேயாக வருகிறாள் என்ற செய்தி வந்ததிலிருந்து அவளைக் கிழிகிழியென்று கிழித்தவர்களும் இவர்கள்தான்.

பேயைப் பார்த்து அலறாமல் இவர்கள் விசிலடித்தால் போச்சு. மறுபடியும் காலண்டர்தான்.

ஆனால் அவள் கண் இவர்கள் மேல் இல்லை.

ஏழாவது வரிசை ஓரத்தில் அம்மா. பக்கத்தில், துணைக்குக் கூட்டி வந்த எதிர்வீட்டு அக்கா.

மகளின் படம் ஒன்றைக்கூட அம்மா இதுவரை ஏறிட்டுப் பார்த்ததில்லை. சாலையில் அவளுடைய விளம்பரப் பலகை எதிர்ப்பட்டால் போதும், அம்மாவுக்குக் கைப்பைக்குள் அவசரமாக எதையாவது தேட வேண்டியிருக்கும். இன்றைக்கு வந்ததே தங்கையின் சாமர்த்தியம்.

“கழுத்துலேர்ந்து கால் வரைக்கும் துணிதாம்மா. மூஞ்சிகூட அடையாளம் தெரியாது,” என்று சொல்லி டிக்கெட்டைக் கையில் திணித்திருந்தாள்.

அம்மா பார்ப்பாளா? தலையைக் குனிந்துகொள்வாளா?

திரையில் கதவு கிறீச்சிட்டது. வந்துவிட்டது அந்தக் காட்சி!

கதாநாயகன் கட்டிலுக்கு அடியில் டார்ச் அடிப்பான். ஒன்றும் இருக்காது. அப்பாடா என்று மல்லாந்து படுப்பான். நேர் மேலே, கூரையில், பல்லி மாதிரி அவள்.

கண்ணைக் கொட்டவே மாட்டாள். எத்தனை ஃபிளாஷ் அடித்தாலும் அசையாத மாடலின் இமை. இயக்குநர் அவளைத் தேடி வந்ததே அதற்காகத்தான்.

எங்கிருந்தோ ஒரு விசில் கிளம்பியது.

பாதியிலேயே செத்தது.

அடுத்த நொடி அரங்கமே அலறியது! பாப்கார்ன் பறந்தது. வெள்ளைச் சாயம் பூசிய மீசைக்காரர் ஒருவர் நாற்காலிக்கு அடியில் புகுந்தார். வரிசை வரிசையாகக் கைகள் முகத்தை மூடின. படுதாவுக்குப் பின்னால் அவள் துள்ளிக் குதிக்காத குறை.

ஏழாவது வரிசையில் ஒரு முகம் மட்டும் மூடப்படவில்லை.

அம்மா நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தாள். வைத்த கண் வாங்காமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எதிர்வீட்டு அக்காவின் கையைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

“கையை எடுங்கக்கா! நல்லாப் பாருங்க. அது என் பெரிய பொண்ணு!”

அலறல் ஓய்ந்த இடைவெளியில் அந்தக் குரல் படுதா வரைக்கும் கேட்டது.

“அவ வெளியூர்ல பேங்க்ல இருக்கான்னீங்களே?” எதிர்வீட்டு அக்காவின் குரல் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது.

“அதை விட்டுட்டாக்கா,” என்றாள் அம்மா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “இப்போ பேயா இருக்கா.”