படியேறத் தெரிந்த நாய்

"பதினாலு நாள் வச்சுப் பாருங்க, ஒத்து வரலைன்னா திருப்பி எடுத்துக்கறேன்னு நீங்கதானே சொன்னீங்க? எடுத்துக்கங்க." கிரானியா நாயின் கழுத்து வாரை டினி ஹாக்கெட்டின் கையில் வைத்தாள்.

டினி மிதியடியைத் தாண்டவில்லை. நாற்பது வருடமாகப் பந்தய நாய்களைப் பழக்கிய மனிதர். அயர்லாந்தின் டிப்பெரரியிலிருந்து கார்க் நகரம் வரை மழையில் கார் ஓட்டி வந்தவர், நனைந்த தொப்பியைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

மாடிப்படியின் நடுவில் பத்து வயது ஓர்லா குறுக்கே உட்கார்ந்திருந்தாள். "டஃபியை விட மாட்டேன். என்னைத் தாண்டித்தான் போகணும்."

"ஓர்லா, வழியை விடு."

"மாட்டேன்மா. என் ஃப்ரெண்ட் மேவ் வீட்டு நாயும் பந்தய நாய்தான். படியைப் பாத்தாலே நடுங்கும். ஒரு படிக்கு ஒரு துண்டு சாசேஜ் வச்சு, மூணு வாரம் பழக்கினாங்க. நம்ம டஃபி வந்த அன்னிக்கே தடதடன்னு ஏறிட்டான். இவ்ளோ புத்திசாலியைப் போய்த் திருப்பிக் குடுக்கறீங்களே!"

"அந்தப் புத்திதான் இப்போ பிரச்சினை," என்றாள் கிரானியா. "கீழ இறங்கவே மாட்டேங்குது, மிஸ்டர் ஹாக்கெட். ஒவ்வொரு ரூம் கதவா போய் நிக்குது. திறந்து விட்டா எட்டிப் பாக்குது, மோந்து பாக்குது, அடுத்த கதவுக்குப் போயிடுது. வாடகைக்கு ரூம் தேடி வந்த மாதிரி!"

டினி சிரிக்கவில்லை.

"மூணு ரூமும் முடிஞ்சா மறுபடி முதல் கதவுலேர்ந்து ஆரம்பிக்குது. அழுகை வேற. ரெண்டு நாளா சாப்பாட்டைத் தொடல. என் கண்ணு முன்னாடி செத்துப் போயிடுமோன்னு பயமா இருக்கு. எதுக்கு நிக்கறீங்க, ஒரு டீ குடிங்க."

"வேண்டாம்மா."

"குடிங்க."

"பாதி கப் போதும்."

கப் நிறைய வந்தது. டினி அதை வாங்கிக்கொண்டு, தலையைத் தூக்கிக் குரல் கொடுத்தார். "டேய் டஃபி! வாடா."

மேலே மரத்தரையில் நகங்கள் டக்டக்கென்று நடந்து வந்தன. படி முடியும் இடத்தில் ஒரு நீளச் சாம்பல் மூக்கு தெரிந்தது. அவரைப் பார்த்து வால் ஒரே ஒரு தடவை ஆடியது. பிறகு மூக்கு திரும்பிப் போய்விட்டது.

"பாத்தீங்களா? உங்களையே மதிக்கல," என்றாள் ஓர்லா, கொஞ்சம் பெருமையாக.

"நீங்களே மேல போய்க் கூட்டிட்டு வந்துடுங்க," என்றாள் கிரானியா.

டினி உள்ளே வந்து முதல் படியில் ஒரு காலை வைத்தார். எடுத்துவிட்டார். "நான் மாடி ஏறி ஒன்பது வாரம் ஆச்சும்மா. கீழ சோபாவுலதான் படுக்கறேன்."

"முட்டி வலியா?"

"அப்படித்தான்னு வச்சுக்குங்க."

ஓர்லா கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு சொன்னாள். "அவன் ரூமைப் பாக்கலம்மா. கட்டிலைத்தான் பாக்கறான். மெத்தை மேல தாடையை வச்சுட்டு அப்படியே நிக்கறான், யாரோ தலையைத் தடவப் போற மாதிரி. நான் தடவினா மூஞ்சியைப் பாத்துட்டுப் போயிடறான்."

டினி வாய் வரை கொண்டுபோன கப்பைக் குடிக்காமலே இறக்கினார்.

கிரானியா அவரையே பார்த்தாள். "வீட்டுக்குள்ள வந்தே பழக்கமில்லாத நாய்னு ஃபார்ம்ல எழுதிக் குடுத்தீங்க. அப்போ படியேற யார் சொல்லிக் குடுத்தா?"

"பிரீடா. என் சம்சாரம்." டினி கப்பைக் கீழே வைத்தார். "போன வருஷம் படுக்கையில விழுந்தா. கீழ இறங்க முடியல. சாயங்காலம் ஓட்டம் முடிஞ்சதும் இவனை மட்டும் மேல விடச் சொல்லுவா. நான் படிக்குப் படி சாசேஜ் வைப்பேன், அவ கட்டில்ல படுத்துக்கிட்டே கூப்பிடுவா. நாலே நாள்ல கத்துக்கிட்டான். பந்தயத்துல என்னிக்கும் கடைசியா வந்த பய, படியில மட்டும் அப்படி ஒரு ஓட்டம்."

"அட, அப்போ அவங்ககிட்டயே போகட்டுமே. அவங்களும்தான் இவனைக் காணாம ஏங்கிப் போயிருப்பாங்க," என்றாள் கிரானியா.

டினி தொப்பியைக் கழற்றினார்.

"பிப்ரவரியில போயிட்டாம்மா. ரெண்டு நாள் முன்னறையில வச்சிருந்தோம். ஊரே வந்து பாத்துது, கையைத் தொட்டுது, போயிட்டு வான்னு சொல்லுச்சு. டீயும் சாண்ட்விச்சுமா, நிக்க இடமில்ல. இத்தனை கூட்டத்துல நாய் எதுக்குன்னு இவனைப் பின்னாடி கொட்டில்ல பூட்டிட்டேன். அடக்கம் முடிஞ்சு திறந்து விட்டேன். நேரா மாடிக்கு ஓடினான். அந்தக் கதவு முன்னாடி அவன் நின்னதைப் பாக்க முடியாமத்தான் உங்களுக்குக் குடுத்தேன்."

மேலே நகங்கள் மறுபடியும் முதல் கதவுக்குப் போய் நின்றன.

கிரானியா அவர் கையிலிருந்த வாரை மெல்ல வாங்கி, கோட் மாட்டும் ஆணியில் திரும்ப மாட்டினாள். "அவன் இங்கேயே இருக்கட்டும்," என்றாள். ஓர்லா சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிவிட்டாள்.

டினி கைப்பிடியைப் பற்றி முதல் படியில் ஏறினார். இரண்டாவதிலும் ஏறினார்.

"எங்க போறீங்க?" என்று கேட்டாள் ஓர்லா.

"அவன்கிட்ட மட்டும் இன்னும் சொல்லல கண்ணு."