இடிக்கிறது யார்?

வீட்டில் காய்ச்சிய பீர் சீக்கிரம் குளிரட்டும் என்று பாட்டிலோடு ஃபிரீசரில் வைத்தவர், அதை அப்படியே மறந்துபோனார். பக்கத்தில், மேலும் புளிக்காமல் இருக்க வைத்த இட்லி மாவுத் தூக்கு.

கழுத்துவரை நிறைந்திருந்த பீருக்கு உடம்பு இறுகியது. கண்ணாடி நெரித்தது.

“யாருடா என்னை இடிக்கிறது?”

“நான் தொடவே இல்லைண்ணே,” என்றது மாவு. “குளிர்ல நீங்கதான் உப்புறீங்க. புளிச்சுப் பொங்குற நமக்கெல்லாம் கொஞ்சம் இடம் வேணும். என் தூக்கைப் பாருங்க, பாதி காலி. அந்த மூடியைக் கொஞ்சம் தளர்த்துங்க, இல்லேன்னா பாட்டில் உடைஞ்சிடும்.”

“தளர்த்தினா என் நுரையை அடிச்சுக்கலாம்னு பார்க்கிறியா? ஓசி நுரையில ஆப்பம் ஆகிடலாம்னு ஆசை!”

பீர் மூடியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. மாவு தன் தூக்கோடு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தது. அது தள்ளிப் போனதும் பீருக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

‘டப்’பென்று ஒரு சத்தம். பாட்டில் சில்லு சில்லாக உதிர்ந்தது. நடுவில் அதே பாட்டில் வடிவத்தில், பனிக்கட்டியாக, பீர் நின்றது. குனிந்து தன்னைப் பார்த்தது. பிறகு மாவிடம் திரும்பியது.

“மரியாதையாச் சொல்லு. என் சட்டையை எங்கே ஒளிச்சு வச்சிருக்கே?”