நோட்டு வாங்காத பேருந்து

மழை விட்ட பிறகும் நிறுத்தத்தின் கூரை சொட்டிக்கொண்டே இருக்கிறது. இரண்டாவது பேருந்தும் கணவன் மனைவி இருவரையும் ஏற்றாமல் போகிறது. இந்த வெளிநாட்டு ஊர்ப் பேருந்தில் கார்டு மட்டும்தான், பணம் வாங்குவதில்லை. கணவர் கையில் விமான நிலையத்தில் மாற்றிய புது நோட்டுகள் சலசலக்கின்றன. "உங்க அண்ணன் பேச்சை வேதவாக்கா எடுத்தீங்களே! கார்டு வேணாம், திருடிடுவான், நோட்டாவே கொண்டு போன்னு." "வெளிநாடு போய்ட்டு வந்தவர்டி அவரு." "எப்போ? நமக்குக் கல்யாணம் ஆகுறதுக்கு முன்னாடி!" மகள் பிரசவம் முடிந்து மருத்துவமனையில் இருக்கிறாள். ஐந்து மணிக்கு மேல் யாரையும் உள்ளே விடமாட்டார்கள். மருமகன் போனை எடுக்கவில்லை. எதிரே கார்டு விற்கும் கடை ஞாயிற்றுக்கிழமைப் பூட்டோடு தூங்குகிறது. பேத்தியின் முகத்தை இன்னும் பார்க்காத ஆத்திரத்தில் மனைவி கைக்கடிகாரத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறாள்.

மூன்றாவது பேருந்து வந்ததும் கணவர் படியேறி, பிடிவாதமாக நோட்டை நீட்டுகிறார். ஓட்டுநர் தலையசைத்து மறுக்கிறார். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். அவள் கண்ணில் நீர் முட்டும்போது, நீல மப்ளர் சுற்றிய ஒரு பெண் இடையில் கை நுழைத்துத் தனக்கும் அவர்கள் இருவருக்குமாகத் தன் கார்டை மூன்று முறை கருவியில் வைக்கிறாள். மூன்று முறையும் அது கீச்சிடுகிறது. கணவர் நீட்டும் நோட்டை அந்தப் பெண் வாங்கவில்லை. காலி இருக்கையைக் காட்டிவிட்டுப் பின்பக்கம் போய்விடுகிறாள். "பேருகூடத் தெரியலயே" என்று கணவர் தவிக்கிறார். "நோட்ட உள்ள வைங்க. ராத்திரி விளக்கேத்தும்போது நீல மப்ளர்னு சொல்லிக்கிறேன். சாமிக்குத் தெரியும்" என்கிறாள் மனைவி.