எதிர்ப் பக்கம்

"மறுபடியும் நீயா?" பதிவாளர் எலியாஸ் தலையை நிமிர்த்தாமலே கேட்டார். "பேரு?"

"தோமாசா வமானி, ஐயா. போன ரெண்டு தடவையும் சொன்னேன்."

பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தபின் பெரு நாட்டில் நடக்கவிருந்த முதல் பொதுத் தேர்தல் அது. உரிமை, எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும். பெயர் பதிய இன்றே கடைசி நாள். முதல் முறை வந்தபோது பிறப்புச் சான்று இல்லை என்று அவளைத் திருப்பி அனுப்பினார். இரண்டாம் முறை, சான்றில் முத்திரை மங்கல் என்றார். தோமாசா இரண்டு முறையும் மலையேறி ஊர் திரும்பி, மறுபடி இறங்கி வந்தாள்.

"முத்திரை சரியாத்தான் இருக்கு," என்றார் எலியாஸ், சலிப்போடு. "படிக்கத் தெரியுமா?"

"தெரியும்."

வரிசையில் பின்னால் நின்ற மளிகைக்கடைக்காரி சிரித்தாள். "லாமா மேய்க்கத் தெரியுமான்னு கேளுங்கய்யா. அதுக்குன்னா சரியாச் சொல்லுவா."

"அதுவும் தெரியும்," என்றாள் தோமாசா திரும்பாமல்.

"எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சே?"

"பள்ளிக்கூடம் போனதில்ல, ஐயா."

எலியாஸ் இழுப்பறையிலிருந்து ஒரு பழைய புத்தகத்தை எடுத்தார். சிறுவர்களுக்கான நாட்டு வரலாறு. இன்கா மன்னர்களில் தொடங்கிக் குடியரசில் முடிவது. அட்டையில் மெழுகு சொட்டிய கறை.

"முதல் பக்கத்த எவன்கிட்டயாவது கேட்டு மனப்பாடம் பண்ணியிருப்பே. கடைசிப் பக்கத்தப் படி."

விரித்து அவள் முன் தள்ளினார். தோமாசா கைகளைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். புத்தகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுத்துகள் அவரைப் பார்க்கும்படி அதைத் திருப்பி வைத்தாள்.

வரிசையே சிரித்தது.

"புஸ்தகத்துக்குத் தலை எது, கால் எதுன்னு தெரியல," என்றாள் மளிகைக்கடைக்காரி. "ஓட்டுப் போட வந்துட்டா."

"போம்மா. போய் உருளைக்கிழங்கு தோண்டு," என்றார் எலியாஸ். "அடுத்த ஆள் வாங்க."

"அடுத்த ஆள் நிக்கட்டும்."

தோமாசா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். நின்ற இடத்திலிருந்தே படித்தாள்.

"அன்று முதல், பெரு மண்ணில் பிறந்த அனைவரும் இந்நாட்டின் குடிமக்கள் என அறிவிக்கப்பட்டது..."

எங்கும் தடுக்கவில்லை. எலியாஸின் விரல் வரிக்கு அடியில் ஊர்ந்தது, உதடுகள் அசைந்தன. அவள் குரல் அவர் விரலுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. பக்கம் முடிந்தபோது யாரும் சிரிக்கவில்லை.

"தலைகீழாப் படிக்கிறியே," என்றார். "யார் சொல்லிக் கொடுத்தா?"

"நீங்கதான், சின்னையா. எட்டு வயசுல இதே புஸ்தகத்த வெச்சுக்கிட்டு அழுதுக்கிட்டே படிப்பீங்க. உங்களுக்கு வெளிச்சம் விழணும்னு, தினம் எதிர்ல மெழுகுவத்தியப் பிடிச்சுக்கிட்டு நின்ன உங்க வீட்டு வேலைக்காரப் பொண்ணு நான். வெளிச்சத்துக்குப் பின்னால இருந்த மூஞ்சிய நீங்க எங்க பார்த்தீங்க?"

எலியாஸ் பதிவேட்டைத் திறந்து, கையெழுத்துக்காக அவள் பக்கம் திருப்பப் போனார்.

"வேண்டாம். அப்படியே இருக்கட்டும்," என்று தோமாசா பேனாவை எடுத்தாள்.