தலையை உள்ளே இழுத்துக் கேட்டவர்

கொக்குக்கும் மீன்கொத்திக்கும் மீனுக்காகச் சண்டை வராத நாளே கிடையாது. வந்தால், இரண்டும் நேரே குளத்துப் படிக்கல்லில் இருக்கும் கிழட்டு ஆமையிடம் போகும். ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டுதான் வழக்கைக் கேட்கும். "மூஞ்சியைப் பார்த்தா மனசு ஒரு பக்கம் சாஞ்சிரும்" என்று சொல்லும். கேட்டு முடித்துத் தலையை நீட்டித் தீர்ப்புச் சொன்னதும், இரண்டும் முணுமுணுத்துக்கொண்டே சேர்ந்து திரும்பும்.

போன கோடையில் ஆமை செத்துப்போனது. அதன்பிறகு கொக்கு கிழக்குக் கரையோடும் மீன்கொத்தி மேற்குக் கரையோடும் நின்றுகொண்டன. பேச்சே இல்லை.

ஒருநாள் மழைக்கு இரண்டும் ஒரே கிளையில் ஒதுங்கின.

"நம்ம நடுவர் இருந்திருந்தா, இந்த மழைக்குக் கழுத்தை எவ்வளவு நீட்டியிருப்பார்!" என்றது கொக்கு.

"நடுவரா? நாம அவரை மத்தியஸ்தர்னுதானே கூப்பிடுவோம்?" என்றது மீன்கொத்தி.

"நடுவர்தான்."

"உனக்கு எப்பவும் மறதி. மத்தியஸ்தர்!"

"வா, அவர்கிட்டயே கேட்டுருவோம்" என்று பழைய பழக்கத்தில் கொக்கு பறந்தது. மீன்கொத்தியும் பின்னாலேயே பறந்தது.

படிக்கல்லில் ஆமையின் ஓடு மட்டும் கிடந்தது.

கொக்கு தன் பக்கத்தைச் சொன்னது. மீன்கொத்தி தன் பக்கத்தைச் சொன்னது. பிறகு, தலை வெளியே வரட்டும் என்று இரண்டும் அருகருகே நின்று காத்திருந்தன.