கூடுதல் பவர்

“நம்ம டீசல் கார் மேடு ஏறத் திணறுது. ரீமேப் பண்ணா பவர் கூடுமாமே?” என்றார் கணக்கு வாத்தியார்.

மெக்கானிக் லேப்டாப்பைக் காரில் இணைத்தார். “இன்ஜின் புரோகிராமை மாத்தினா கண்டிப்பா கூடும் சார். வீட்ல சொல்லிட்டீங்களா?”

“ஐயோ! அவகிட்ட சொன்னா அவ்வளவுதான். ஆறு மாசமா கூடவே கூடாதுன்னு ஒத்தைக்கால்ல நிக்கிறா.”

“எல்லா வீட்லயும் இதே கதைதான் சார். வண்டிக்கு ஏதாவது ஆயிடும்னு பயம்.”

சிரித்தபடி திரையைப் பார்த்த மெக்கானிக், பத்து நிமிடம் அந்தப் புரோகிராமை மேலும் கீழும் அலசினார்.

“சார், வேண்டாம். மட்டமான டீசல், கொளுத்துற வெயில், முழு லோடு, எல்லாத்தையும் யோசிச்சு இழைச்சு இழைச்சு எழுதியிருக்கான். இதுல கை வைக்க எனக்கு மனசு வரல. எழுதினவன் பெரிய கெட்டிக்காரன்!”

வாத்தியாரின் நெஞ்சு நிமிர்ந்தது.

“கெட்டிக்காரன் இல்லப்பா, கெட்டிக்காரி. என் பொண்டாட்டிதான். இந்தக் கார் கம்பெனியில இன்ஜினீயர்.”

மெக்கானிக் எழுந்தே நின்றுவிட்டார். “மேடம்கிட்ட ரெண்டு சந்தேகம் கேட்கணும். நம்பர் தருவீங்களா சார்?”

கொடுத்தால், திருட்டுத்தனமாக இங்கே வந்த குட்டு உடைந்துவிடும். வீட்டில் அர்ச்சனை நிச்சயம்.

இருந்தும் வாத்தியார், பட்டறையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி, ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார்.